மாமாவின் காலில் ஊற்றிய தண்ணீர்

அஜ்மானில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் குழாய்கள் வேலையை மாற்றிக்கொள்ளும். மொட்டை மாடித் தொட்டியில் பகலெல்லாம் வெயில் குடித்த தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் ஆவி பறக்க வரும். அதனால் எல்லா வீட்டிலும் கீசரை அணைத்துவிடுவார்கள். அணைந்த கீசருக்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் கொஞ்சம் ஆறியிருக்கும். நீலப் புள்ளி வைத்த குழாய் கையைச் சுடும். சிவப்புப் புள்ளி வைத்தது குளிரும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் கையை உதறிக்கொண்டு நிற்பதும், அதைப் பார்த்து என் மாமா சிரிப்பதும் வழக்கம்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கட்டட வேலையில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். ஷார்ஜாவைத் தாண்டி எங்கோ கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எதையும் அவருக்கென்று ஒரு மாதிரிதான் சொல்லுவார். "நம்மூருல வெயில் அடிக்கும், இங்க மிதிக்குது" என்பார். கோடையில் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளியில் வேலை செய்யக்கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது. அதைப் பற்றி அப்பா பெருமையாகச் சொன்னால், "சட்டம் எங்களுக்குத் தெரியும் மச்சான், சூரியனுக்கு யாரு சொல்றது? மூணு மணிக்கு மேலயும் அது டியூட்டியிலதான் நிக்கிது" என்பார். சைட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். ஆனால் குடித்தால் ஒன்றுக்குப் போக ஒன்பது மாடி இறங்கி ஏற வேண்டும். அதனால் பாதி பேர் வாயை நனைப்பதோடு சரி. இதையும் மாமா சிரிப்பாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில், கோடை விடுமுறைக்கு முன்னால், வெயிலிலிருந்து பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று சார்ட் எழுதும் போட்டி வைத்தார்கள். பள்ளி நர்ஸ் வந்து பாடம் எடுத்தார். வெயில் தாக்கிய ஆளுக்கு உடம்பு கொதிக்கும், தோல் காய்ந்து கிடக்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அது வருவதற்குள் உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். நான் ஒரு மனிதனை வரைந்து, அவனுக்குச் சிவப்புக் கிரேயான் அடித்து, பக்கத்தில் நீலத்தில் ஒரு வாளி வரைந்தேன். வாளி நன்றாக வந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை நாலு மணி இருக்கும். முன்னறையில் தரையில் சார்ட்டை விரித்து வைத்து எழுத்துக்களுக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அம்மா கதவைத் திறந்தாள். மாமா நின்றார். ஒரு காலில் வேலைக்குப் போடும் பூட்ஸ், மறுகாலில் வெறும் சாக்ஸ்.

"என்னடா இது கோலம்?" என்றாள் அம்மா.

"ஃபோர்மேன் ரூமுக்குப் போன்னுட்டாருக்கா. ரூமுல ஏசி ஓடல" என்றார். அதுவரை சரியாகத்தான் பேசினார். அப்புறம், "சாரத்துல பாப்பா நிக்கிது, எறக்கிவிடு" என்று என்னைக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துவிட்டார்.

அம்மா சட்டையைக் கழற்றினாள். கழுத்து, மார்பு, முதுகு எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருந்தது. இன்று பார்த்தால் அது வேர்க்குரு என்று நானே சொல்வேன். அன்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கையைச் சட்டென்று எடுத்தாள், அந்தப் பொரிகளைப் பார்த்தாள், அப்படியே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் அம்மை போட்டால் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். மாரியம்மன் அந்த உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள் என்று பொருள். மருந்து கூடாது, ஆஸ்பத்திரி கூடாது. வேப்பிலையில் படுக்க வைக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வருகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படக்கூடாது. குளிர்காற்றுப் பட்டால் முத்து வெளியே வராமல் உள்ளே அமுங்கிவிடும், ஆளுக்கே ஆபத்து. அம்மாவுக்கு இதில் ஒரு துளியும் சந்தேகமில்லை. மாமா பேத்தப் பேத்த, அவளுக்கு இன்னும் உறுதிப்பட்டது. பேசுவது தம்பி இல்லை என்று நினைத்தாள்.

ஏசியை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மாமாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிர்கிறது என்று கம்பளியைப் போர்த்தினாள். கேம்ப்பில் ஒருவனுக்கு அம்மை என்று தெரிந்து கம்பெனி அவனை ஊருக்கே ஏற்றிவிட்ட கதையை மாமாவே ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் யாருக்கும் தெரியக்கூடாது. ஷார்ஜாவில் கடையிலிருந்த அப்பாவுக்கு மட்டும் போன் போட்டாள். அவர் எட்டு மணிக்குத்தான் வர முடியும். "நீ சொல்றபடியே பாத்துக்க" என்றார் அப்பா. அம்மை விஷயத்தில் ஆண்கள் அப்படித்தான் ஒதுங்கிக்கொள்வார்கள்.

வேப்பிலை பறிக்க என்னை அனுப்பினாள். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் வரிசையாக வேப்பமரங்கள் உண்டு. துப்பட்டாவைத் தலையில் சுற்றிவிட்டு, "ஓடிப் போய் ஓடி வா, வெயில் ஆகாது" என்றாள். அவள் சொன்னது சரிதான். செருப்பின் அடி ரப்பர் தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. மூச்சை இழுத்தால் அடுப்பைத் திறந்தது போல இருந்தது. எட்டிக் குதித்து இரண்டு கொப்பு ஒடித்துக்கொண்டு வந்தேன். ஒரு கொத்தை அம்மா வாசலில் கட்ட எடுத்து, வாட்ச்மேன் பார்ப்பானே என்று யோசித்து, கதவுக்கு உள்பக்கம் கட்டினாள்.

மாமாவின் பக்கத்தில் இலையைப் பரப்பும்போது அவர் கையைத் தொட்டேன். காய்ந்த காகிதம் போல இருந்தது. அந்த அறையில் அம்மாவுக்கு வியர்த்து ஊற்றுகிறது, எனக்கு ஊற்றுகிறது, கம்பளிக்குள் இருந்த அவருக்குப் பொட்டு வியர்வை இல்லை.

"அம்மா, மாமாவுக்கு வேர்க்கவே இல்ல. ஸ்கூல்ல நர்ஸ் மிஸ் சொன்னாங்க, அப்படி இருந்தா தண்ணி ஊத்தணும்னு…"

"வாயைக் கழுவுடி. வந்திருக்கிறது யாருன்னு தெரியாம என்னத்தையாச்சும் பேசிக்கிட்டு."

நான் வாயைக் கழுவினேன். உண்மையாகவே போய்க் கழுவினேன், கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். பிடிவாதம் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்பது எப்படியோ அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டேன். சார்ட்டில் இருந்தது ஆங்கில நோய். மாமாவுக்கு வந்திருப்பது தமிழில் வந்தது. அதற்கு இதன் மருந்து ஆகாது.

அம்மா அடுப்படியில் சாமி விளக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் திறந்துதான் இருந்தது, எதையும் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து குளியலறைக்குப் போனேன். சிவப்புப் புள்ளிக் குழாயைச் சத்தம் வராமல் திறந்து ஒரு குவளை பிடித்தேன். கம்பளியைக் கொஞ்சம் தூக்கி, அவருடைய இரண்டு பாதத்திலும் ஊற்றினேன்.

மாமாவுக்கு உடம்பெல்லாம் ஒருமுறை தளர்ந்தது. பெரிய மூச்சு ஒன்று விட்டார். அப்புறம், அந்த ஒரு மணி நேரத்தில் பேசாத தெளிவோடு, "இன்னும்" என்றார்.

நான் பயந்துவிட்டேன். கேட்டது மாமாவா, அம்மா சொன்ன ஆளா என்று தெரியவில்லை. குவளையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு முன்னறைக்கு ஓடி வந்தேன். கிரேயானைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு எதிர்வீட்டு அன்ரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கிளினிக்கில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. காலையில் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போய், டியூட்டி முடிந்து வாங்கிக்கொள்வார். அம்மா கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து சாவியை நீட்டினாள். உள்ளே இருந்த சூடு அன்ரி முகத்தில் அடித்திருக்கும்.

"என்ன பிள்ளை, ஏசி பழுதோ?"

அம்மா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமா அனத்தினார். அந்தச் சத்தத்தை நான் இதுவரை எழுதிப் பார்த்ததில்லை, இப்போதும் எழுதவில்லை. அன்ரி கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அறைக்குள் போனார். பரப்பியிருந்த வேப்பிலையைப் பார்த்தார், கம்பளியை உருவி எறிந்தார். அக்குளில் கையை வைத்தார்.

"அம்மாள் வருத்தம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? இது வெயில் அடிச்சது. எத்தினை மணிக்கு வந்தவர்?"

"நாலு மணிக்கு."

"மூண்டு மணித்தியாலமா இப்பிடியே வச்சிருக்கிறியள்? தண்ணி கொண்டுவாங்கோ. ஐஸ் இருந்தா எல்லாத்தையும் எடுங்கோ."

அம்மா குறுக்கே நின்றாள். "தண்ணி பட்டா முத்து உள்ள போயிரும், வேண்டாங்க, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்." அன்ரி அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். ஒரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் வாளித் தண்ணீரை மாமா மேல் ஊற்றினார். வேப்பிலையெல்லாம் மிதந்து வந்து என் காலில் ஒட்டியது. மாமா இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

உயிர் பிழைத்துக்கொண்டார். அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். பதினெட்டு நாள் கழித்துக் கண் திறந்து பார்த்தபோது நாக்கு எழவில்லை, கை நடுங்கியது, நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஒன்பது மாடி உயரத்தில் சாரத்தின் ஒற்றைக் குழாய் மேல் நடந்தவர். மூளைக்குச் சூடு ஏறி நேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் அப்பாவிடம் இந்தியில் சொன்னார். அப்பா அதை அம்மாவிடம் பாதிதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அம்மா மீதிப் பாதியை வேறு மாதிரி நிரப்பிக்கொண்டாள். படுக்கையைச் சுருட்டும்போது கட்டிலுக்கடியில் குவளையைப் பார்த்திருக்கிறாள். அன்ரியின் வாளி வேறு, அந்தக் குவளை வேறு என்று அவளுக்குத் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். நான் ஒத்துக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டா" என்றாள். சொன்ன பிறகு அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது போல எனக்குத் தோன்றியது. அந்த நிம்மதி அவளுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று எண்ணிப் பார்க்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊருக்கு அனுப்பினோம். ஏர்போர்ட்டில் அப்பா காகிதங்களோடு வரிசையில் நின்றார். அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். பல நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"நான்தான் மாமா உங்க கால்ல தண்ணி ஊத்துனேன். இனிமே ஊத்த மாட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் நடுங்கும் கையைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்த்தார். அது நழுவி என் தோளில் விழுந்தது. வாயைக் கோணிக்கொண்டு என்னவோ சொன்னார். எச்சில்தான் வந்தது, எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று நான் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன். அவரிடம் நான் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு வேறு ஒன்று என்பது தெரிய எனக்கு இன்னும் பல கோடைகள் ஆயின.