பந்து கையில் இருக்கையில்

செருப்புத் தைக்கிறவர் இன்று தோலில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அந்த வாசம், குளக்கட்டுக்குக் கீழே அப்போது இருந்த, இப்போது காடாகிவிட்ட எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டது. பாலைமரக் கம்பத்தில் பீப்பாய் வளையத்தை அடித்து, இருந்த ஒரே தோல்பந்துக்கு மாலைதோறும் எண்ணெய் பூசி, வெறுங்காலோடு வலைப்பந்து ஆடிய பெண்பிள்ளைகள் நாங்கள்.

“பந்து கையில இருந்தா நடக்கக்கூடாது பிள்ளை, நிண்ட இடத்தில நிண்டு ஆருக்கெண்டாலும் எறி” என்பார் எங்கள் அணித்தலைவி பரிமளமக்கா.

லொறியில் ஏறி, ஆனையிறவு உப்புக்காற்று உதட்டில் கரிக்க யாழ்ப்பாணம் போய், காலில் சப்பாத்துப் போட்ட பிள்ளைகளை வென்று கிண்ணத்தோடு திரும்பினோம். அந்த ஆட்டத்தைப் பார்த்த பெரிய பள்ளிக்கூடங்கள், விடுதியில் இடம் தந்து எங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிப்போயின. கடைசியாகப் பரிமளமக்கா, “பந்துக்கு எண்ணெய் பூச மறந்திடாதை, வாறன்” என்று பெட்டியோடு பஸ் ஏறினார். அணியிலேயே சின்னவளான என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகும் மாலைகளில் எண்ணெய் பூசினேன். குளத்துக்குப் போகும் எருமைகள் முற்றத்தைக் கடந்து, அவை கிளப்பிய புழுதி அடங்கும்வரை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பேன். எறிய ஆளில்லை, நடக்கவும் கூடாது.