மஞ்சள் விமானத்தின் முதுகு

பழைய விமானங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பறந்து காட்டப்போகின்றனவாம், போகலாமா என்று மகள் கேட்டாள். போகலாம். ஆனால் நாற்காலி பிடித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க என்னால் ஆகாது. மேலே போய்விட்டால் எல்லா விமானமும் ஒரு பருந்துதான். கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஓர் ஆள் முன்விசிறியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட்டுப் பின்வாங்கி ஓடுவதை. ஒருமுறை இருமிவிட்டுத் தூங்கிப்போகும் எஞ்சினை. மறுபடி இருமி, புகை கக்கி, சட்டென்று உயிர் வந்து, புல் மொத்தத்தையும் படுக்கவைக்கும் அந்தக் காற்றை. துணி போர்த்திய சிறகில் வெயில் விழ, உள்ளிருக்கும் மர எலும்புகள் நிழலாகத் தெரிவதை. இதெல்லாம் சின்ன வயதில், ஒரு மைதானத்தில், ஒரே நாளில் எனக்குத் தெரிந்துபோனது. அன்றைக்கு அந்த மைதானத்தில் நடந்த முக்கியமான காரியம் மட்டும்தான் தெரியவில்லை.

குன்னூருக்குக் கீழே, மலை சரேலென்று சமவெளிக்கு இறங்கும் விளிம்பில் எங்கள் தேயிலை எஸ்டேட். அப்பா ஃபேக்டரி லாரியோடு எப்போதும் கொச்சி வழியில் இருப்பார். குவார்ட்டர்ஸில் அம்மா, நான், அம்மாவின் அண்ணனான மாமா, தங்கையான சித்தி. மாமாவுக்கு ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. பறித்து வந்த கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. ஆகவே மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரல்களை உரசிப் பார்த்து வானிலை சொல்வார். அவர் சொன்னால் எஸ்டேட்டில் துணி காயப்போடுவார்கள்; அவர் சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

சித்தி எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட். உயரம். அவளைப் பற்றிப் பேச வந்தவர்கள் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போனதே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை முடித்துவிட்டு, "கொஞ்சம் எந்திரிச்சு நில்லு அம்மிணி" என்பார்கள். சித்தி எழுவாள், எழுந்துகொண்டே இருப்பாள். பிறகு அவர்கள் செருப்பைத் தேடுவார்கள். கடைசியாக வந்த கூட்டம் அவளை வாசல் நிலையோடு ஒட்டி நிற்கவைத்து அளந்து பார்த்தது. அவர்கள் போனதும் சித்தி மாமாவிடம் சொன்னாள்:

"இனி இந்த ஊட்டுக்குள்ள யாரையும் கூட்டிட்டு வராதண்ணா. பார்க்கறதுன்னா வெளியில பார்க்கலாம். வர்றவரு என்னையப் பார்க்கற மாதிரி நானும் அவரப் பார்க்கோணும். புடிக்கலீன்னா நானும் திரும்பி நடந்து வந்துருவேன். அதுவும் இந்த ஒரு தடவதான். அப்புறம் என்னைய விட்டுருங்க."

அப்படித்தான் விமானக் கண்காட்சி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி, சும்மா கிடந்த பழைய ஓடுதளம் ஒன்றில் நடந்தது அது. கீழே பம்ப்செட் கடை வைத்திருந்த ஒருவர், தன் அக்காவோடு சனிக்கிழமை காலையில் மஞ்சள் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்பார். நாங்கள் தற்செயலாக அந்தப் பக்கம் போவோம். ஒத்துவரவில்லையென்றால் இரண்டு குடும்பமும் விமானம் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம், யாருக்கும் அவமானமில்லை. இது பெரியவர்களின் ஏற்பாடு. எனக்குச் சொல்லப்பட்டது விமானம் மட்டும்.

சனிக்கிழமை விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. பேரிமரம் இல்லை, ஃபேக்டரிப் புகைபோக்கி இல்லை, எதிர்வீட்டு நாயின் குரைப்பு மட்டும் நாயில்லாமல் வந்தது. மாமா கையை நீட்டினார். விரல்களை உரசினார்.

"இந்தப் பனியில காக்கா கூடப் பறக்காது. ஏரோப்ளேன எவன் எடுப்பான்? அவங்களும் வரமாட்டாங்க. நாளைக்குப் போலாம்."

ஒருவரும் மறுக்கவில்லை. மலைக்காரர்களுக்கே உள்ள கோளாறு இது. நம் ஜன்னலில் தெரிவதுதான் ஊர் உலகத்துக்கெல்லாம் வானம். நீலச் சேலையில் தயாராக நின்ற சித்தி உள்ளே போய் அதை மடித்துவைத்தாள். நான் அழுதேன். எனக்கு லட்டு கொடுத்தார்கள்.

மதியம் பனி கிழிந்தது. துணி காயப்போட சித்தியும் நானும் தேயிலைக்காட்டின் விளிம்புக்குப் போனோம். கீழே சமவெளி முழுக்க வெயில், இரக்கமில்லாத, பளிச்சென்ற வெயில்; அது காலையிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்த வெயிலின் மேல் ஒரு மஞ்சள் பொட்டு நகர்ந்தது. பொட்டு பூச்சியாகி, பூச்சி பறவையாகி, மலையை நோக்கி வந்து, எங்கள் காலடிக்குக் கீழே சாய்ந்து திரும்பியது. அதன் முதுகைப் பார்த்தோம். அங்கே கூட்டம் முழுவதும் அதன் வயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் குனிந்து முதுகைப் பார்த்தோம். மேலும் கீழுமாக அடுக்கிய சிறகுகள், நடுவே இரண்டு குழி, ஒன்றுக்குள் ஒரு தலை. நான் குதித்துக் குதித்துக் கையாட்டினேன். சித்தி கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் சொட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"வந்து நின்னுட்டுப் போயிருப்பாங்க" என்றாள்.

வீட்டில் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் பூட்டியிருந்தது, எஸ்டேட்டின் ஒரே டெலிஃபோன் அதற்குள். அம்மா அடுப்பைத் தணிக்கும் சாக்கில் கேட்டாள்:

"உன்ற வெரலு மேட்டுப்பாளையம் வரைக்கும் எட்டலியாண்ணா?"

"நாளைக்கும் இருக்குதல்ல?" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல்.

"ஏரோப்ளேன் இருக்கும்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமையும் அதே பனி. மாமா கையை வெளியே நீட்டவில்லை. முதல் பஸ்ஸுக்கு சித்திதான் முதலில் படியிறங்கினாள். "வராட்டிப் போறாங்க. ஏரோப்ளேனயாச்சும் பார்த்துட்டு வரலாம், வாங்க." ஒரு கொண்டை ஊசி வளைவில் பனி திரைபோல முடிந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஈரச்சட்டையைக் கழற்றிப்போட்டது போல வெயில். பஸ்ஸில் மாமா ஒருவர்தான் ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் கழற்றாமல், வேர்த்து வழிய, வானிலையோடு பேச்சை முறித்துக்கொண்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

மைதானத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய விமானம் வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கி நின்றது; அதன் வயிற்றுக்குள் ஏறி இறங்க நீள வரிசை. எண்ணெய் ஒழுகும் பச்சை விமானத்துக்கு அடியில் யாரோ பக்கெட் வைத்திருந்தார்கள். கடைசியில், கயிறு கட்டிய வட்டத்துக்குள், மஞ்சள் விமானம். பக்கத்தில் கசங்கிய சட்டையும் தலையில் கர்ச்சீப்புமாக ஒருவர், தனியாக.

மாமா நின்றுவிட்டார். "அவருதான்."

கிட்டே போனபோது அவர் தலை சித்தியின் தோளுக்குச் சற்று மேலேதான் இருந்தது. அம்மா மூச்சை அடக்கியது என் கையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது. இப்படிப்பட்ட வேளைகளில் சித்தி லேசாகக் கூனிக்கொள்வது வழக்கம். அன்றைக்குக் கூனவில்லை.

"நேத்து எங்கூர்ல ஒரே பனிங்க" என்று மாமா ஆரம்பித்தார்.

"இருக்கட்டுமுங்க. அக்காதான் கோவிச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. எனக்கு மனசு வரல." பிறகு அவர் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பின்னால் நகரவில்லை. "ஏனுங்க, கயித்துக்கு இந்தப் பக்கமிருந்து உள்ள என்ன இருக்குதுன்னே எனக்கு எட்ட மாட்டேங்குது. நேத்துப் பூரா எக்கி எக்கிப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியுதுங்களா? கொஞ்சம் சொல்லுங்க."

சித்தியை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். உனக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் விமானத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி விமானத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு குழிங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நடுவுல ஒரு குச்சி நிக்குது. கடிகாரமாட்ட வட்ட வட்டமா இருக்குது, ஒண்ணுல முள்ளு ஆடுது."

"பின்னால உக்காந்தா முன்னால வழி தெரியுமுங்களா?"

"குள்ளமா இருந்தாத் தெரியாதுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமா மஃப்ளருக்குள் புதைந்தார். அந்த மனிதர் கர்ச்சீப்பைத் தலையிலிருந்து எடுத்து, முகத்தைத் துடைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நான் முன்னாலயே உக்காந்துக்கறேனுங்க. பின்னால உக்காந்து நீங்க வழி சொல்லுங்க."

கயிற்றை அவிழ்த்து எல்லாரையும் பின்னால் தள்ளினார்கள். ஓர் ஆள் விசிறியை இழுத்துச் சுற்றினார். எஞ்சின் இருமியது, தூங்கியது, மறுபடி இருமியது. காற்று வந்தது. அம்மாவின் குடை பூவாய் மலர்ந்து கம்பிகளைக் காட்டியது. மாமாவின் மஃப்ளர் ஒருவழியாக அவரை விட்டுப் பறந்தது. மஞ்சள் விமானம் புல்லில் துள்ளித் துள்ளி ஓடி, எந்தத் துள்ளலில் தரையை விட்டது என்று சொல்ல முடியாதபடி எழும்பியது. மைதானம் மொத்தமும் கழுத்தை மடக்கியது. சித்தி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"மேல பாரு சித்தி, மேல பாரு!"

"பார்த்துட்டுத்தான் இருக்கறேன் கண்ணு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில், பர்லியாறு தாண்டியபோது, எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் பொங்கியது. எல்லாரும் கேட்கும்படிச் சொன்னேன்: "பாவம்மா அவரு. எட்டாததால நேத்து ஒண்ணுமே பார்க்க முடியாம இன்னைக்கு மறுபடியும் வந்திருக்காரு. அடுத்த தடவ ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வரச் சொல்லலாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார், தோள்கள் மட்டும் ஆடின. சித்தி சத்தம் போட்டுச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "சொல்லலாம் கண்ணு. நானே சொல்றேன்" என்றாள்.

எதற்குச் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மனிதர் இரண்டாம் நாளும் அந்த வெயிலில் வந்து நின்றது விமானத்துக்குள் எட்டிப் பார்க்கத்தான். அவர் கஷ்டத்துக்குப் பஸ் மொத்தத்தில் நான் ஒருத்திதான் வழி கண்டுபிடித்திருந்தேன். அந்தப் பெருமையோடு, மேலே மேலே ஏறும் பஸ்ஸில், தூங்கிப்போனேன்.