இடுப்பு செதுக்கிய கன்னம்

ஒரு பழைய கதவைக் காட்டினால், அதைக் காலமெல்லாம் திறந்தது யார் என்று உங்களால் சொல்ல முடியுமா? கட்டிடத்தைக் கட்டக் காசு கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். அவர் திறந்தது ஒரே ஒரு நாள், அதுவும் கத்தரிக்கோலால். மறுநாளிலிருந்து தினமும் திறந்தது யார்?

பழைய மரத்தில் முகம் செதுக்கும் மூக்கக்காவைக் கேட்கலாம் என்று போனால், அவர் பலகையில் காதை ஒட்டிவைத்துப் படுத்திருப்பார். விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, "ம்... இங்க ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்" என்பார். ஒளிந்திருப்பவன் தலை முறிந்த ஆணி. இடித்த வீடுகளிலிருந்து வரும் கதவிலும் உத்திரத்திலும் இப்படி எத்தனையோ பேர் பதுங்கிக் கிடப்பார்கள். உளி மோதினால் உளியின் வாய் போய்விடும். ஆணி பிடிக்கவே ஒரு காந்தத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். நம்புவதென்னவோ காதைத்தான். வண்டி ஓட்டும் அவர் வீட்டுக்காரருக்கு அந்தக் காந்தத்தால் வேறொரு பயன்: "எந்தச் சாவி காணாமப் போனாலும் தேட வேணாம். இவ கழுத்துல போய்ப் பாத்தா போதும்."

பெயர்க்காரணம் எளிது. எந்த முகத்தைச் செதுக்கினாலும் மூக்கில்தான் தொடங்குவார். "மூக்கு நின்னுட்டா போதும், மத்ததெல்லாம் பின்னாடியே வந்து ஒட்டிக்கும்." வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதன் சுவரெல்லாம் முகங்கள். தபால்காரர் இருக்கிறார், பல் போன காய்கறிக்காரி இருக்கிறார், கொட்டாவி விடும் காவலாளி இருக்கிறார். ராஜாக்கள் இல்லை. ஏன் என்று கேட்டால், அவங்களுக்குத்தான் ஊரெல்லாம் சிலை இருக்கே, என்னையும் எதுக்கு அந்த வேலைக்குக் கூப்பிடறீங்க என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பழைய பலகையின் பெயிண்டை அவர் முதலில் சுரண்டி எடுப்பதில்லை. அதன் மேலேயே சாக்பீஸால் முகத்தை வரைந்து, உளியாலேயே உரித்துக்கொண்டு உள்ளே போவார். பச்சை, நீலம், அதற்கும் அடியில் ஒரு மஞ்சள் என்று சுருள் சுருளாகப் பெயிண்ட் எழும்பி வருவதைப் பார்ப்பதில் அப்படியொரு ஆனந்தம். அந்த ஆனந்தம்தான் போன மழைக்காலத்தில் அவர் காலை வாரிவிட்டது.

பழைய ஆஸ்பத்திரியை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். வார்டு வாசலில் இருந்த இரட்டைத் தள்ளுகதவு, நல்ல தேக்கு. அதில் ஒன்றில் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த பெரிய டாக்டரின் முகத்தைச் செதுக்கித் தரவேண்டும், முன்கூடத்தில் மாட்டப்போகிறோம் என்றார் கட்டிடக் குழுவின் செயலாளர். சட்டம் போட்ட டாக்டரின் போட்டோவையும் கொடுத்தார். ஒரு கதவு கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று மற்றதையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்.

கதவுகள் வந்து இறங்கியதும் தெரு கூடிவிட்டது. எத்தனை பிணம் தாண்டிப்போன கதவோ, அதை வீட்டு எல்லைக்குள் கொண்டுவரலாமா என்று ஆளாளுக்குப் பதறினார்கள். அந்தக் கதவைத் தாண்டி எத்தனை குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே வந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பயத்துக்கு எப்போதும் பாதிக் கணக்குதான் தெரியும். மூக்கக்கா ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்: "பேய் இருந்தா அதையும் வந்து ஒரு கை பிடிக்கச் சொல்லுங்க. கனம் தாங்கல."

கீல் துளைகள் கண்ணில் படாத பக்கம் பார்த்து ஒரு கதவைக் கிடத்தினார். அதன் நடுவில் டாக்டரை வரைந்தார். கம்பீரமான மூக்கு, கிளி மூக்கு. உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டியதும் உளி கட்டித் தயிரில் இறங்குவதுபோல் இறங்கியது. மரம் இல்லை. பெயிண்ட்காரர்கள் வருடா வருடம் பள்ளத்தை நிரப்பிப் பூசிய பட்டிதான் அடுக்கடுக்காக வந்தது. டாக்டரின் மூக்கு பொலபொலவென்று உதிர்ந்து மடியில் விழுந்தது.

"பெரிய டாக்டருக்கு மூக்கறுப்பு" என்றார் வீட்டுக்காரர், தேநீர்த் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து.

மூக்கக்கா சிரிக்கவில்லை. பட்டியையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். உளுத்த மரம் என்றால் சொரசொரக்கும். இது ஆற்றுக் கூழாங்கல்போல வழவழவென்று இருந்தது. எந்த உப்புத்தாளாலும் அவர் கொண்டுவர முடியாத வழவழப்பு. கதவை நிமிர்த்தி நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் போய் நின்றார். பள்ளம் சரியாக அவர் இடுப்புக்கு வந்தது.

பின்தெருவில் ஆயாம்மா இருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, அங்கேயே முடி நரைத்து ஓய்வு பெற்றவர். ஆளனுப்பியதும் வந்தார். கதவைப் பார்த்தார். திரும்பி நின்று, இடுப்பைப் பள்ளத்தில் பொருத்திக் காட்டினார். சாவி பூட்டில் விழுந்ததுபோல விழுந்தது.

"ரெண்டு கையிலயும் சாமான்டி. சுடுதண்ணி, இல்லன்னா பெட்பேன். கதவத் தொறக்க மூணாவது கைக்கு எங்க போறது? இடுப்பால ஒரு இடி. எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான், பின்னாடி வந்தவங்களும் அப்படித்தான்."

"பெரிய டாக்டர்?"

"அவரு கதவத் தொட்டே பாத்ததில்ல. நாங்கதான் முன்னாடியே தொறந்து பிடிச்சிருப்போமே."

மூக்கக்கா உடனே சாக்பீஸை எடுத்தார். டாக்டரை மற்றக் கதவில் தலை உயரத்துக்கு மாற்றினார். அங்கே கிளி மூக்கு குறைவில்லாமல் நின்றது. இந்தக் கதவின் பள்ளத்தில் ஆயாம்மாவை உட்காரவைத்தார். பள்ளத்தில் மூக்கை எழுப்ப மரம் கிடையாது. ஆயாம்மாவுக்கோ சப்பை மூக்கு, அது போதும். சுற்றிலும் ஆழமாக வெட்டி முகத்தை மேலே கொண்டுவந்தார். கன்னத்தை மட்டும் உளி தொடவேயில்லை. "இதை நான் செதுக்கல. அவங்க இடுப்பே செதுக்கி வச்சிருக்கு." குழு கேட்டபடி டாக்டருக்கு வார்னிஷ் பளபளத்தது. ஆயாம்மாவுக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும், துணியில் தொட்டு, சூடு ஏறும்வரை தேய்த்தது.

இந்த முகமும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கொட்டகைச் சுவரில் தொங்கினால் அது வெறும் படம் என்று மூக்கக்கா முடிவு கட்டிவிட்டார்.

ஆயாம்மாவும் கொட்டகையில் இருந்த ஒரு நாள் செயலாளர் வந்தார். டாக்டரைப் பார்த்து மகிழ்ந்தார். அடுத்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பெரிய டாக்டரும் ஆயாவும் ஒரே சுவரிலா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள், இதை யார் செய்யச் சொன்னது என்று அடுக்கினார். சுவரில் மாட்டவே வேண்டாம் சார், இரண்டையும் பழையபடி வார்டு வாசலுக்குக் கதவாகவே போடுங்கள் என்றார் மூக்கக்கா. டாக்டர் தலை உயரத்தில் இருப்பார், ஆயா இடுப்பு உயரத்தில்; உங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வராது. செயலாளர் கேட்பதாக இல்லை. இரண்டு நாளில் வண்டி அனுப்புகிறேன், டாக்டர் மட்டும் வந்தால் போதும் என்றார். ஒரு கையில் டாக்டரின் போட்டோவை எடுத்துக்கொண்டார், மறுகையில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார், விறுவிறுவென்று நடந்தார். காற்றில் கொட்டகைக் கதவு சாத்திக் கிடந்தது.

அவர் நிற்கவில்லை. யோசிக்கவுமில்லை. பக்கவாட்டில் திரும்பி, இடுப்பால் ஓர் இடி இடித்தார்.

கதவு திறந்தது. உள்ளே ஆயாம்மா சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்த காவலாளியே கொட்டாவியை நிறுத்தியிருப்பார். "அப்படித்தான் சார். எலும்பு படாம, சதையால இடிக்கணும். பழகிடும்."

செயலாளர் வாசலில் நின்றார். போட்டோவைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், பிறகு தம் இடுப்பைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது. அப்புறம் அவரும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கத்தான் கை இல்லை. "ரெண்டும் வரட்டும்" என்றார். "கதவாவே வரட்டும். குழுவுல நான் பேசிக்கறேன்."

பேசினார், கதவும் ஏறியது. திறப்பு விழாவில் யாரோ கத்தரிக்கோலோடு முன்வாசலில் நின்ற நேரத்தில், மூக்கக்கா பக்கவழியாக வார்டுப் பக்கம் போனார். வீட்டுக்காரரின் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு கையில் பிடித்தார். ஆயாம்மாவின் பையை வாங்கி மறு கையில் பிடித்தார். இரண்டு கையும் நிறைந்ததும் திரும்பி நின்று, அந்தக் கன்னத்தில் இடுப்பை வைத்து, மெல்லத் தள்ளினார்.

நீங்களும் ஒருநாள் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு, அலுவலகத்துக்கு, ஓட்டலுக்குப் போவீர்கள். எதிரே இரண்டு கையிலும் சுமையோடு ஒருவர் வருவார். உங்கள் கை காலியாக இருந்தால் கதவைத் திறந்து பிடியுங்கள். அவர் கடந்துபோகும்போது முகத்தைப் பாருங்கள்.