அண்ணன் "அறியில்ல" என்று சொன்னது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஆனால் அண்ணன் சொன்ன பேச்சு ஊர் வாயில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஈரலில் புற்று, முற்றிவிட்டது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அண்ணனிடம் வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்தோம். தினமும் காலையில் மகாதேவர் கோயிலில் அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் சாவைத் தள்ளிவைக்கும் மிருத்யுஞ்சய புஷ்பாஞ்சலி செய்விப்பேன். இலையில் பொதிந்த பிரசாதத்தை அவர் கையில் கொடுத்து, "எனக்க மகளுக்குப் பரீட்சை, அதுக்காக்கும்" என்பேன்.

ஒரு நாள் குன்னத்துகாலிலிருந்து ஒரு பெண் வந்தாள். சாவையும் வாழ்க்கையின் அர்த்தத்தையும் பற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வாசலிலேயே மறித்தேன்.

"இங்க சாவப்போற ஆளு யாரும் இல்ல மக்கா. அடுத்த வீட்டுல கேளு."

உள்ளேயிருந்து அண்ணன் சத்தம் கொடுத்தார். "எலே, அவள விடு. ஒரு ஆளு உண்டு. நானாக்கும்."

"யாரு சொன்னா அண்ணா?"

"உனக்க மகாதேவராக்கும். பிரசாத இலையில கோயில்ல எனக்க பேரும் வழிபாடும் எழுதி வைக்கிய சீட்ட எடுக்காமத்தானே தாற. பரீட்சைக்கு எவனாவது மிருத்யுஞ்சயம் செய்வானாலே?"

"பின்ன ஏன் வாய் தெறந்து மிண்டாம இருந்திய?"

"நீ பாடுபட்டு கள்ளம் சொல்லுத. அதக் கெடுப்பானேன்னு விட்டேன்."

அந்தப் பெண் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து, "பயம் உண்டா மாமா?" என்று கேட்டாள்.

"உண்டு மோளே. நல்லாவே உண்டு."

"வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னு தோணுது?"

"அது அறியில்ல. இவன் மழையிலயும் கோயிலுக்கு நடக்கியதப் பாக்கும்போ என்னமோ இருக்கும்ணு தோணும். அவ்வளவுதான்."

அடுத்த வாரம் அவள் எழுதியதைக் கொண்டுவந்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாள். படித்த பிள்ளை, மினுக்கி எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, பயத்தை மறைக்கவில்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அண்ணன், "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். மறு மாதம் போய்விட்டார்.

இப்போது, மகாதேவர் அவர் கனவில் வந்து நாள் குறித்தார், சிரித்துக்கொண்டே போனார் என்று கோயிலிலேயே சொல்கிறார்கள். நான் இன்றும் தினமும் தொழுகிறவன். சொல்கிறேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனுக்குப் பயம் இருந்தது, பதில் தெரியவில்லை, இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அதுதான் பெரிது. நீங்கள் யாரிடம் சொன்னாலும் அந்த "அறியில்ல"வை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.