சரிந்திருந்த ஏழு

போன மழைக்காலத்தில், பசறையிலிருந்து நமுனுகுல போகிற மலைப்பாதையில் நடந்தது இது. கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அப்போது ஒரே பைத்தியம், பழைய கார்கள். பதுளையைச் சுற்றி எங்கே ஒரு மொரிஸ் மைனர் நின்றாலும் பைக்கை நிறுத்தி, பொனட்டைத் திறந்து காட்டச் சொல்வேன். எஞ்சின் எண்ணின் மேல் சோக்குக் கட்டியைத் தேய்த்துப் படித்து, அது காரோடு வந்த எஞ்சின்தானா என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

நமுனுகுலவில் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவரிடம் சாம்பல் நிற மொரிஸ் ஒன்று இருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் அதில்தான் ஏற்றி வருவார். ஒருநாள் அதையும் பார்த்தேன். தொழிற்சாலையில் அடித்த எண்கள் ஒரே நேராக இருக்கும். இதில் ஏழு மட்டும் சரிந்திருந்தது. யாரோ வேறு எஞ்சினைப் பூட்டி, எண்ணைக் கையால் அடித்திருக்கிறார்கள்.

"ஒரிஜினல் இல்லைங்க" என்றேன், கண்டுபிடித்த பெருமையோடு.

அவர் சிரித்தார். "ஓடுதா இல்லையா, அதச் சொல்லுங்க தம்பி."

"கள்ள எஞ்சின வச்சுக்கிட்டா இம்புட்டு பவுசு?" என்று அவர் மனைவி கடைக்குள்ளிருந்து கேலி செய்தார். "என்னவோ தம்பி, வளைவுல அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன்."

சில மாதங்களில் அந்த மழை வந்தது. பசறை தாண்டி மண் சரிந்து பாதையை மூடியது. கரண்ட் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. காலையில் வெலிமடைக்குப் போன கடைக்காரர் திரும்பவில்லை. மழை விட்டு பெக்கோ இயந்திரம் மண்ணைத் தோண்டத் தொடங்கியபோது, சாம்பல் மொரிஸ் ஒன்றின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. நம்பர் பிளேட் பிய்ந்து போயிருந்தது. பசறையில் வாடகைக்கு ஓடிய இன்னொரு சாம்பல் மொரிஸையும் காணவில்லை. அதையும் நான் பார்த்திருக்கிறேன், ஒரிஜினல் எஞ்சின். கடைக்காரரின் மைத்துனர் தேடி வந்து என்னைக் கூட்டிப் போனார்.

கடைக்காரரின் மனைவி, அந்த அக்கா, சேற்றில் நின்றுகொண்டிருந்தார். "அவரு மழைக்கு வெலிமடையிலயே தங்கியிருப்பாரு தம்பி. எங்களோடது கள்ள எஞ்சின்னு நீங்கதானே சொன்னீங்க. இது ஒரிஜினலா இருந்தா எங்க கார் இல்லதானே?"

தலையாட்டினேன். கம்பியால் நெம்பி பொனட்டைத் திறந்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். எந்தக் காரைப் பார்த்தாலும் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆனால் அன்றைக்குப் போல ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. அப்படியிருந்தால் அது இன்னொரு வீட்டின் சாவு என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஈரத்தில் சோக்குப் பிடிக்கவில்லை. விரலால் தடவினேன். கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு சரிந்திருந்தது.

"என்ன தம்பி, ஒரிஜினல்தானே?"

கடை வாசலில் அவ்வளவு சுலபமாகச் சொன்ன வார்த்தைகளையே திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரிஜினல் இல்லைங்க அக்கா."

அவர் அழவில்லை. "இன்னொரு தடவ நல்லாப் பாருங்க" என்றார். தெரிந்தும் மறுபடி தடவிப் பார்த்தேன். பிறகு விலகி நின்றேன். பெக்கோ அள்ளத் தொடங்கியது.

இன்றும் பழைய கார்களைப் பார்த்துச் சொல்கிறேன். எஞ்சின் மாறியிருந்தால் மாறியது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் காரின் சத்தம் கேட்டு அடுப்பு மூட்டுகிற யாரோ அந்த வீட்டிலும் இருப்பார்கள் என்ற நினைப்பில், என் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது.