சிக்கந்தர் மாமா ரிட்டையர் ஆகி, திரும்ப வேலைக்கு வந்த கதை

சிக்கந்தர் மாமா போய்விட்டார். காலையில் அவர் மகள் மும்தாஜ் அக்கா போன் செய்து சொன்னார்கள்... தூக்கத்திலேயே.

தெரியாதவர்களுக்கு: வீரசோழன் ஆட்டுச் சந்தையில் தரகர். நான் அவருக்கு லோடு வண்டி ஓட்டினேன். சொந்தமெல்லாம் இல்லை, ஆனாலும் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளை.

அவரெல்லாம் விலையை வாயால் சொல்ல மாட்டார். கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலை அழுத்தித்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது.

சவுதியில் இருக்கும் பையன்கள், "போதும் அத்தா, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எடுத்தார். டிவி, சாப்பாடு, தூக்கம்... கொஞ்ச நாளில் ஆளே மாறிப்போனார்.

பள்ளிவாசலுக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். மும்தாஜ் அக்காவை, எப்போதோ இறந்துபோன தன் தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். அவ்வளவுதான்... மாமா தோளில் கிடந்த துண்டை உருவி டாக்டர் கை மேல் போட்டு, விரலை அழுத்த ஆரம்பித்துவிட்டார்!

டாக்டர் என்னைப் பார்த்து முழித்தார்.

"வெல பேசுறாக சார், பயப்படாதீக" என்றேன்.

"நாயமாச் சொல்லுங்க, இதுக்கு மேல ஏறாது" என்றார் மாமா, கறாராக.

டாக்டர் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு சொன்னார்: "வேலைய விட்டதாலதான் மறதின்னு நான் சொல்ல மாட்டேன். மருந்து தர்றேன். ஆனா இவரச் சும்மா உக்கார வைக்காதீங்க. யாராவது கூட இருந்து சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க."

பையன்களுக்குக் கோபம். "நாங்க இம்புட்டு சம்பாதிச்சும் அத்தாவச் சந்தைக்கு அனுப்புறோம்னு ஊரு பேசாதா?"

"பேசட்டும்டா. எனக்கு எங்க அத்தா வேணும்" என்று அக்கா போனை வைத்துவிட்டார்கள்.

அப்புறம் சந்தை நாளெல்லாம் மாமா என் வண்டியில்தான். கூத்துக்குக் குறைவே இல்லை.

ஒரு தடவை நான் வாங்கி வண்டியில் ஏற்றிவிட்ட கிடாவை, என்னை யாரோ வியாபாரி என்று நினைத்து என்னிடமே விலை பேசினார். நானும் கையைக் கொடுத்தேன். நான் வாங்கியதைவிடக் குறைச்சலாக முடித்துவிட்டு, "மாப்ளைக்கு நல்ல உருப்படி ஒண்ணு புடிச்சிருக்கேன்" என்று என்னிடமே பெருமை அடித்தார்!

மறதி போகவில்லை. ஆனால் அந்தப் பேச்சு, கேலி, கோபம் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

போன சந்தை முடிந்து வீட்டில் இறக்கிவிட்டேன். வாசலில் நின்ற அக்கா, "நான் யாருன்னு சொல்லுங்க அத்தா?" என்று எப்போதும் போலக் கேட்டார்கள். சில வாரம் தங்கச்சி பெயரைச் சொல்வார். சில வாரம் சிரித்து மழுப்புவார்.

அன்றைக்கு அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ மும்தாஜு, வந்ததும் வராததுமா பரீட்சை வைக்காத. மொத சோத்தப் போடு."

அக்கா அழுதுகொண்டே சோறு போட்டார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம். பாலவனத்தத்தில் லோடை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வாரேன் மாமா... கொஞ்சம் பொறுங்க.