உதைத்தும் கிளம்பாத மோட்டார்சைக்கிள்

மகளின் மடிக்கணினிக்குப் புதிய இயங்குதளம் போட்டேன். பிறகு அது கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் விசிறி இரைந்து அடங்கியது.

"அம்மா, என்ரை ஆய்வேடு போச்சோ?" என்றாள். மறுநாள் ஒப்படைக்க வேண்டியது.

அந்த இரைச்சல் என்னைப் போர்க்காலத்தில் நான் வளர்ந்த நீர்வேலி வீட்டு முற்றத்துக்கு இழுத்தது. பிரசவ வலியோடு என் அம்மா படியில் இருந்தார். பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெய் விட்ட மோட்டார்சைக்கிளை, நாங்கள் ஐயா என்று கூப்பிடும் அப்பா உதைத்துக்கொண்டே நின்றார். புகை மட்டும் வந்தது.

"இஞ்சேருங்கோ, இனித் தாங்கேலாது" என்றார் அம்மா.

ஐயா உதைப்பதை நிறுத்தினார். அன்று காலை போட்ட புது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழையதைத் துடைத்துப் பூட்டினார். அடுத்த உதையில் எஞ்சின் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே தம்பி பிறந்தான்.

நானும் பொத்தானை விட்டேன். இயங்குதளம் போட்ட பென்டிரைவ் இன்னும் செருகியபடியே இருந்தது. கணினி அதிலிருந்தே கிளம்பப் பார்த்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தியதும் திரை வெளித்தது. மகள் ஆய்வேட்டின் கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். பிறகுதான் கதிரையில் அமர்ந்தாள்.